மழை நாள்களில் வேலையும் விளையாட்டும்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் நம் பள்ளிகளின் தாளம் மாறிவிடுகிறது. காலையில் எழுந்ததும் நாம் முதலில் தேடுவது மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பைத்தான். இரண்டு நாள் பள்ளி, ஒரு நாள் விடுமுறை, மறுபடியும் மூன்று நாள் விடுமுறை என்று கார்த்திகை முழுக்க இழுபறியாகப் போகும். அது முடிந்ததும் மார்கழிப் பனி, அரையாண்டுத் தேர்வு, அதற்குப் பின் தேர்வு விடுமுறை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. கடலோர மாவட்டங்களில் அதன் பங்கு இன்னும் கூடுதல். இந்த மூன்று மாதங்களும் 'பாடம் முடியவில்லையே' என்ற கவலையோடு நமக்குக் கழிகின்றன. அந்த நாள்களில் குழந்தை வீட்டில் என்ன செய்கிறது என்று கேட்க நமக்கு நேரம் வாய்ப்பதில்லை.

நான் காவிரி டெல்டாவில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். மழை விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளிடம் ஒருவித மந்தத்தை ஒவ்வோராண்டும் பார்க்கிறேன். சிலர் முதல் பாடவேளையிலேயே கொட்டாவி விடுவார்கள். சிலர் அடைத்து வைத்திருந்த கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டது போல வகுப்பறையில் துள்ளுவார்கள். வேறு சிலர் களைத்துப்போய் வருவார்கள். இந்த மூன்றாவது கூட்டம்தான் என்னை யோசிக்க வைத்தது. விடுமுறையில் இருந்துவிட்டு வரும் குழந்தை ஏன் களைத்திருக்க வேண்டும்? அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றபோது நான் அறிந்துகொண்டவற்றையும், வகுப்பில் நாங்கள் செய்துபார்த்தவற்றையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மழை நாளில் ஒரு வீடு

கோடை விடுமுறையில் குழந்தைக்குத் தெரு இருக்கிறது, தோப்பு இருக்கிறது, வாய்க்கால் கரை இருக்கிறது. மழைக்காலத்தில் இவை எல்லாம் ஒரே நாளில் மூடப்பட்டுவிடுகின்றன. திடலில் தண்ணீர் நிற்கிறது. குளமும் வாய்க்காலும் நிரம்பி ஓடுவதால் பெரியவர்கள் வெளியே விடுவதில்லை, விடவும் கூடாது. மாலை ஐந்தரை மணிக்கே இருட்டிவிடுகிறது. ஓர் அறையும் ஒரு திண்ணையும் உள்ள வீட்டில் ஐந்து பேர் நாள் முழுக்க இருக்க வேண்டியிருக்கிறது. துவைத்த துணி காயாமல் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் தொங்குகிறது. விறகு ஈரம். மழை விடாத நாளில் அப்பாவுக்குக் கூலி வேலை இல்லை. மழை வெறித்த நாளில் அம்மா களை எடுக்க விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறார்.

இந்த நெருக்கடியில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் அதிகம் சொல்வது இரண்டே வாக்கியங்கள்: "சும்மா இரு", "சும்மா இருக்காதே". முதலாவது பெரும்பாலும் பையன்களுக்குச் சொல்லப்படுகிறது. இரண்டாவதைப் பெரும்பாலும் பெண்பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்த வேறுபாட்டை நான் வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. குழந்தைகளே வரைந்து காட்டினார்கள்.

நாள் கடிகாரம்

ஆறாம் வகுப்பில் கோணங்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு வட்டம் வரைந்து அதை 24 சமபாகமாகப் பிரிக்கச் சொன்னேன். ஒரு பாகம் ஒரு மணி நேரம், அதாவது 15 பாகை. நேற்றைய மழை விடுமுறை நாளை அந்த வட்டத்தில் வண்ணம் தீட்ட வேண்டும். தூக்கத்துக்கு நீலம், வீட்டு வேலைக்குச் சிவப்பு, விளையாட்டுக்குப் பச்சை, படிப்புக்கு மஞ்சள், தொலைக்காட்சிக்கும் செல்பேசிக்கும் கறுப்பு. சாப்பாடு, குளியல் போன்றவற்றை வெள்ளையாகவே விட்டுவிடலாம்.

தாள்களைச் சுவரில் ஒட்டியதும், நான் எதுவும் சொல்லாமலே பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். பையன்களின் வட்டங்களில் பச்சையும் கறுப்பும் அகலமாக இருந்தன. சிவப்பு ஒரு கீற்றாக இருந்தது, சிலவற்றில் அதுவும் இல்லை. பெண்பிள்ளைகளின் வட்டங்களில் சிவப்பு காலையில் ஒரு துண்டு, மதியம் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு என்று சிதறிக் கிடந்தது.

ஒரு மாணவி மட்டும் தாளைத் தராமல் வைத்திருந்தாள். காலை பத்து மணி முதல் மாலை நாலு மணி வரையிலான பாகங்களுக்கு அவள் வண்ணமே தீட்டவில்லை. கேட்டபோது, "தம்பியத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, திண்ணையில நின்னு மத்தவங்க விளையாடுறதப் பார்த்தேன். அது வேலையா, விளையாட்டா டீச்சர்?" என்றாள்.

வகுப்பில் அதற்கு உடனே விடை சொல்ல எவராலும் முடியவில்லை. அந்த ஆறு பாகங்களும் 90 பாகை. கால் வட்டம். ஒரு நாளில் கால் பங்கு நேரம் எந்த வண்ணத்துக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டது.

இது எங்கள் ஊரோடு நிற்கும் செய்தியன்று. மைய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் எடுக்கப்பட்ட அந்தக் கணக்கின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். அந்த வேலைகளில் பங்கெடுக்கும் பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. இந்த இடைவெளி திருமணத்துக்குப் பிறகு திடீரென்று முளைப்பதில்லை. நம் வகுப்புப் பிள்ளைகளின் வட்டங்களிலேயே அதன் தொடக்கம் தெரிகிறது.

எது வேலை, எது விளையாட்டு?

அந்த மாணவியின் கேள்விக்கு விடை தேடி, மறுநாள் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பேசினோம். 'பிடித்தால் விளையாட்டு, பிடிக்காவிட்டால் வேலை' என்றார்கள் முதலில். அது நிற்கவில்லை. ஒருவனுக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது மிகவும் பிடிக்கும். ஆனாலும் அது வேலைதான் என்று அவனே சொன்னான். பேசப் பேச மூன்று கேள்விகள் மிஞ்சின.

தொடங்கியது யார்? நினைத்தபோது நிறுத்த முடியுமா? தப்பாகப் போனால் யாருக்காவது நட்டமா?

தானே தொடங்கியதாகவும், நினைத்தபோது நிறுத்தக்கூடியதாகவும், தப்பாகப் போனாலும் சிரித்துவிட்டு மறுபடி தொடங்கக்கூடியதாகவும் இருந்தால் அது விளையாட்டு. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்ததும், முடியும்வரை நிறுத்தக்கூடாததும், தப்பினால் ஒருவருக்குப் பாதிப்பு தருவதும் வேலை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது வேலைதான். அதுவும் பொறுப்பு மிகுந்த வேலை. அன்று அந்த மாணவி தன் 90 பாகைக்கும் சிவப்புத் தீட்டினாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை; தான் செய்ததற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்ட நிம்மதி இருந்தது.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் செயல்களும் உண்டு. மார்கழிக் கோலம் அப்படிப்பட்டது. வாசல் தெளித்துக் கூட்டுவது வேலை. என்ன கோலம், எத்தனை புள்ளி, எங்கே வளைப்பது என்பது விளையாட்டு. பல வீடுகளில் முதலில் சொன்னதை மகளும் இரண்டாவதை அம்மாவோ அக்காவோ செய்கிறார்கள். ஒரு குழந்தை கூட்டவும் வேண்டும், அதே வாசலில் தன் விருப்பப்படி ஒரு கோலம் போட்டுக் கெடுத்துப் பார்க்கவும் வேண்டும். இரண்டும் ஒரே கைக்குக் கிடைக்கும்போதுதான் வேலை சுமையாகத் தோன்றுவதில்லை.

வேலை ஏன் வேண்டும்?

'குழந்தைக்கு வேலையே தரக்கூடாது' என்பது என் கருத்தன்று. வீட்டு வேலையிலிருந்து முழுக்க விலக்கப்பட்ட குழந்தை, தான் அந்த வீட்டுக்குத் தேவையானவன் என்ற உணர்வையும் இழக்கிறான். 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைவேலையைக் கற்றலின் நடுவில் வைத்தது. 1907ஆம் ஆண்டு ரோம் நகரில் தம் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, தண்ணீர் ஊற்றுவது, பெருக்குவது, துணி மடிப்பது, பொத்தான் போடுவது ஆகியவற்றையே சிறு குழந்தைகளுக்கான முதல் பயிற்சிகளாக அமைத்தார். அவர் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிக் குழந்தைகளிடையே பணிபுரிந்தவர். அந்தப் பயிற்சிகளில் பொருள்கள் குழந்தையின் கைக்கு ஏற்ற அளவில் இருக்கும். வேலைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்கும். நாம் கவனிக்க வேண்டியது இந்த முடிவைத்தான். முடிவே இல்லாத வேலை எந்தக் குழந்தைக்கும் கல்வியாகாது.

சட்டமும் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் ஈடுபடுத்தத் தடை விதிக்கிறது. தன் குடும்பத்துக்கு உதவுவதற்கு அது இடம் தருகிறது. அந்த உதவியும் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ இருக்க வேண்டும். ஆபத்தில்லாததாக இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் வயதுக்கேற்ற வேலைகள் என்று பெற்றோரிடம் நான் சொல்லும் பட்டியல் இது:

1, 2ஆம் வகுப்பு: சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்தல், செருப்புகளை வரிசைப்படுத்துதல், காய்ந்த துணிகளில் தன்னுடையதைப் பிரித்தெடுத்தல், பயறு பொறுக்குதல்.

3 முதல் 5ஆம் வகுப்பு: தன் தட்டைக் கழுவுதல், வீடு கூட்டுதல், துணி மடித்தல், பாய் சுருட்டுதல், குடையை விரித்து உலர்த்துதல்.

6 முதல் 8ஆம் வகுப்பு: தன் சீருடையைத் துவைத்தல், காய் நறுக்குதல், கடைக்குப் போய்க் கணக்கோடு திரும்புதல், வாரம் ஒரு முறை வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரைக் கொட்டுதல்.

9ஆம் வகுப்புக்கு மேல்: பெரியவர் உடனிருக்க எளிய சமையல், வீட்டு வரவு செலவு எழுதுதல்.

பட்டியலில் ஆண், பெண் என்று பிரிவு இல்லை என்பதைப் பெற்றோரிடம் அழுத்திச் சொல்கிறேன். தேங்கிய நீரைக் கொட்டும் வேலையைப் பிள்ளைகள் விரும்பிச் செய்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு முறை. தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு என்று தேடிக் கொட்டும் பிள்ளை ஊருக்கே காவல் செய்கிறான்.

தரக்கூடாத வேலைகளும் உண்டு. நிரம்பிய கிணற்றிலோ குளத்திலோ தண்ணீர் எடுப்பது, ஈரக் கையோடு மின்விசைகளைத் தொடுவது, கொதிக்கும் சோற்றுப்பானையை வடிப்பது, கைக்குழந்தையை நாள் முழுக்கத் தனியாகப் பார்த்துக்கொள்வது, எந்த வேலைக்காகவும் பள்ளிக்கு வராமல் நிற்பது ஆகியவை அவை.

விளையாட்டு ஏன் வேண்டும்?

ஐக்கிய நாடுகள் அவை 1989ஆம் ஆண்டு நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992ஆம் ஆண்டு அதை ஏற்றது. உணவு, கல்வி போல விளையாட்டும் குழந்தைக்கு உரியது. வேலைகள் எல்லாம் முடிந்த பிறகு மிச்சம் இருந்தால் தரப்படும் பரிசன்று.

மழை நாள்களில் படைப்புத்திறன் மிக்க விளையாட்டுக்கு வேண்டியவை மூன்று: சில பொருள்கள், கொஞ்சம் இடம், யாரும் குறுக்கிடாத நேரம். முதல் இரண்டும் எந்த வீட்டிலும் கிடைக்கும். தீப்பெட்டி, பழைய நோட்டுத் தாள், துடைப்பக் குச்சி, புளியங்கொட்டை, தேங்காய்ச் சிரட்டை, அம்மாவின் பழைய சேலை ஆகியவை போதும். இரண்டு நாற்காலிகளுக்கு மேல் சேலையைப் போர்த்தினால் ஒரு வீடு வந்துவிடும். அந்த வீட்டுக்குள் ஒரு குடும்பம் வரும், ஒரு சண்டை வரும், ஒரு சமாதானமும் வரும். பெரியவர்களின் உலகைத் தன் அளவுக்குச் சுருக்கிப் புரிந்துகொள்ளக் குழந்தைக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

மூன்றாவதான நேரம்தான் கிடைப்பதில்லை. கிடைக்கும் நேரத்தையும் செல்பேசி எடுத்துக்கொள்கிறது. எங்கள் அளவுகோலை அதற்கும் பொருத்திப் பார்த்தோம். காணொளியைத் தொடங்குவது பிள்ளைதான். ஆனால் நினைத்தபோது நிறுத்த முடிகிறதா? 'முடியல' என்று பிள்ளைகளே சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். கறுப்புக்குத் தனி வண்ணம் கொடுத்தது சரிதான் என்றும் சொன்னார்கள். 'ஒண்ணும் செய்ய இல்ல, போர் அடிக்குது' என்று பிள்ளை முனகும் நேரத்தில் உடனே செல்பேசியைக் கொடுக்காமல் கால் மணி நேரம் பொறுத்தால், அந்தச் சலிப்பிலிருந்தே ஏதோ ஒரு விளையாட்டு கிளம்புவதைப் பல பெற்றோர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வேலை, ஒரு விளையாட்டு, ஒரு வரி

இதில் ஆசிரியர் செய்யக்கூடியது என்ன? மழை விடுமுறை என்றதும் வாட்ஸ்அப் குழுவில் எழுத்து வேலைகள் வரிசையாக வந்துவிழும். ஐந்து பாட ஆசிரியர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் கொடுத்தால் பத்துப் பக்கம். அதை எழுத எடுக்கும் நேரம் எதிலிருந்து கழிகிறது? பெண்பிள்ளையின் சிவப்பு குறையாது; அம்மா வேலைக்குப் போயாக வேண்டும். தூக்கம் கொஞ்சம் குறையும். முதலில் குறைவது பச்சைதான். எனவே எங்கள் பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பேசி, மழை விடுமுறை நாள்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் போதும் என்று முடிவெடுத்தோம். அதற்குப் பெயர் 'ஒரு வேலை, ஒரு விளையாட்டு, ஒரு வரி'.

வீட்டில் ஒரு வேலையைத் தொடங்கி முடிக்க வேண்டும். ஒரு விளையாட்டைத் தானே தேர்ந்து விளையாட வேண்டும். இரண்டில் எதைப் பற்றியாவது ஒரு வரி எழுதிவர வேண்டும். மதிப்பெண் கிடையாது. விளையாட்டு எது என்று நாங்கள் சொல்வதும் கிடையாது. சொன்னால் அது எங்கள் வேலையாகிவிடும்.

வந்த வரிகளில் சில: "அண்ணன் முதல் தடவை தட்டு கழுவினான். சோப்பு தீர்ந்துவிட்டது." "பாட்டியோடு பல்லாங்குழி ஆடினேன். பாட்டி கள்ளாட்டம் ஆடுகிறது." "காகிதக் கப்பலில் எறும்பு ஏறியது. அதனால் அது பயணிகள் கப்பல்."

பத்துப் பக்கம் பார்த்து எழுதும் பிள்ளையிடமிருந்து இந்த ஒரு வரி வராது. வகுப்பில் இவற்றை உரக்க வாசிக்கும்போது, எழுதத் தயங்கும் பிள்ளைகளும் அடுத்த விடுமுறைக்கு ஒரு வரி யோசித்து வைக்கிறார்கள். மொழிப்பாட ஆசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பாடத்தோடு இணைக்க

பாடத்தை விட்டுவிட்டோமோ என்ற அச்சம் வேண்டாம். இந்த வேலைகளிலும் விளையாட்டுகளிலும் பாடம் நிறைய இருக்கிறது. விடுமுறை முடிந்து வந்தபின் வகுப்பில் அதை வெளியே எடுப்பது நம் பொறுப்பு.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் ஏன் உறைகிறது? அதன் உருகுநிலை ஏறக்குறைய 24 பாகை செல்சியஸ். காலையில் உறைந்தும் மதியம் உருகியும் இருக்கும் சீசாவே அறைக்குள் ஒரு வெப்பமானி. இட்லி மாவு குளிர்காலத்தில் ஏன் தாமதமாகப் பொங்குகிறது? நொதிக்கச் செய்யும் நுண்ணுயிரிகள் குளிரில் மெதுவாகப் பெருகுகின்றன. ஒரே அளவுள்ள இரண்டு ஈரத் துணிகளில் ஒன்றைச் சுருட்டியும் மற்றொன்றை விரித்தும் போட்டால், ஆவியாதலுக்குப் பரப்பளவு எப்படி உதவுகிறது என்பது விளங்கும். துணி காயப்போட்ட பிள்ளைக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை; அவன் சொல்வதற்குப் பெயர் சூட்டினால் போதும்.

பக்கம் நேராக உள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் அது மழைமானி. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். தன் வீட்டுக் கூரையில் அன்று எத்தனை லிட்டர் விழுந்தது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கணக்கிட முடியும். அளந்த பின் பாத்திரத்தைக் கவிழ்க்க மறக்கக்கூடாது. கொசுவை நினைவில் கொள்ளவேண்டும்.

கோலப் புள்ளிகளும் கணக்குதான். ஏழு புள்ளி ஊடுபுள்ளியாக நான்கு வரை வைத்தால் 4, 5, 6, 7, 6, 5, 4 ஆக மொத்தம் 37. ஏழு புள்ளி நேர்ப்புள்ளியாக ஒன்று வரை வைத்தால் 1, 3, 5, 7, 5, 3, 1 ஆக மொத்தம் 25. இரண்டாவது ஏன் 3இன் வர்க்கமும் 4இன் வர்க்கமும் சேர்ந்ததாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒற்றை எண்களின் கூட்டல் தொடரை நடத்தும் பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கும் இது பயன்படும். மழையில் வாசல் கோலம் கரைந்துவிடும் என்றால் சிலேட்டில் போடலாம். பையன்களும் போடலாம்.

பல்லாங்குழியில் 14 குழிகள். குழிக்கு ஐந்து முத்து வைத்தால் மொத்தம் 70. எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே எண்ணும் குழந்தை மனக்கணக்கைத் தானே பழகுகிறது. ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலிகளை 15 ஆடுகள் சேர்ந்து மடக்குகின்றன. தாயக்கட்டை இல்லாத வீட்டில், புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைக் கரடுமுரடான தரையில் தேய்த்து வெள்ளையாக்கிக்கொள்ளலாம். நான்கு கொட்டைகளை எறிந்தால் 16 விளைவுகள். அவற்றில் இரண்டு வெள்ளை விழுவது 6. ஐம்பது முறை எறிந்து பார்த்தால் விடை சற்று மாறும். கொட்டையின் இரு பக்கமும் சமமாக இல்லாததால் வரும் அந்த மாற்றமே நிகழ்தகவுப் பாடத்துக்கு நல்ல தொடக்கம்.

மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு

பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு பொதுத்தேர்வுப் பயம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அந்த வீடுகளில் இரண்டுவிதமான பிள்ளைகளைப் பார்க்கலாம். ஒருவனுக்குத் தண்ணீர்கூட அம்மா கொண்டுவந்து தருவார். படிப்பைத் தவிர அவன் எதுவும் செய்யக்கூடாது. மற்றொருத்தி எல்லா வேலையையும் முடித்துவிட்டு இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறப்பாள். இருவரும் ஒரே தேர்வை எழுதுகிறார்கள்.

முதலாமவனுக்கு நாளில் அரை மணி நேர வேலை நல்லது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்த உடலுக்குத் துணி துவைப்பதோ வீடு கூட்டுவதோ இளைப்பாறுதலாகும். இரண்டாமவளுக்கு மாலையில் வெளிச்சமுள்ள ஒரு மணி நேரத்தை வீடு விட்டுத்தர வேண்டும். வகுப்பாசிரியர் இதைப் பெற்றோரிடம் நேரில் பேசினால் பயன் இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைகளின் விளையாட்டு வேறு மாதிரி இருக்கும். வரைவார்கள், பாடுவார்கள், பழைய சைக்கிளைப் பிரித்து மாட்டுவார்கள், காரணமில்லாமல் சிரிப்பார்கள். அதுவும் பச்சைதான்.

பெற்றோரோடு பேசும்போது

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று பிள்ளைகளின் நாள் கடிகாரங்களைப் பெயர் மறைத்துச் சுவரில் ஒட்டினோம். எவரையும் குறை சொல்லவில்லை. எந்த வட்டம் யாருடையது என்று சொல்லவும் இல்லை. ஆனால் அந்தக் கால் வட்டச் சிவப்பைப் பார்த்து நின்ற ஓர் அம்மா, கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். "இது எம் பொண்ணுது, எனக்குத் தெரியும். நான் என்ன பண்றது டீச்சர்? நான் களைக்குப் போகலன்னா அடுப்பு எரியாது. சின்னவன யாருகிட்ட விட்டுட்டுப் போறது?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். மகளை வேலையிலிருந்து விடுவியுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. அந்த வேலையை வேறு யார் செய்வது என்பதற்கு விடையில்லாத அறிவுரை அவருக்குப் பயன்படாது. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கைக்குழந்தை என்று நினைத்திருந்த தம்பிக்கு இரண்டரை வயது. அங்கன்வாடி திறந்திருக்கும் நாள்களில் அங்கே விடலாம். எட்டாம் வகுப்பில் ஓர் அண்ணன் இருக்கிறான். மழை விடுமுறையில் மதியத்துக்கு மேல் தம்பி அவன் பொறுப்பு. "அவன் பாத்துக்குவானா?" என்று அம்மா சந்தேகப்பட்டார். இரண்டு நாள் சொதப்பினான், மூன்றாம் நாள் பழகிவிட்டான் என்று பிறகு சொன்னார். சாயங்காலம் தான் வந்ததும் அரை மணி நேரம் மகளை எதற்கும் கூப்பிடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் அந்த வீட்டால் முடியாது.

மார்கழியில் அந்த மாணவி மீண்டும் வரைந்த வட்டத்தில் சிவப்பு இன்னும் பெரிதாகத்தான் இருந்தது. அண்ணனுக்குப் போன மதியப் பகுதியும், ஏழரைப் பாகை அளவுக்கு ஒரு பச்சைக் கீற்றும் புதியவை. அந்த அரை மணியில் என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே ஒரு வரி எழுதி வந்திருந்தாள்: "தீப்பெட்டியில் பள்ளிக்கூடம் கட்டுகிறேன். இன்னும் கூரை போடவில்லை."

அரையாண்டு விடுமுறை நெருங்குகிறது. உங்கள் வகுப்பிலும் ஒரு பாடவேளையை ஒதுக்கி நாள் கடிகாரம் வரையச் சொல்லுங்கள். ஒரு தாளும் ஐந்து வண்ணப் பென்சில்களும் போதும். பச்சை இல்லாத வட்டங்கள் எவை என்று பாருங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தைக் குறைத்து, அவர்கள் வீட்டாரிடம் ஒரு முறை பேசிவிட்டு விடுமுறைக்கு அனுப்புங்கள். ஜனவரியில் பள்ளி திறக்கும் நாளில், "எழுதி முடிச்சியா?" என்பதற்கு முன்னால், "என்ன விளையாடினே?" என்று கேளுங்கள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் தலைகுனியும் பிள்ளை யார் என்று நமக்குத் தெரிந்தால், அடுத்து எந்த வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.